சுத்தியலால் அடித்த திருகாணிகள்

"பொட்டப்புள்ள செஞ்ச கதவு எத்தன ஒதை தாங்கும் கொழுந்தியா? ஒன்னா, ரெண்டா?"

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று அக்காவின் புருஷன் இப்படிக் கேட்டபோது பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பிறகு பதுளைக்குப் போய் ஆறு மாதம் தச்சுவேலையும் படித்தேன். கதவே அவனுக்குப் பதில் சொல்லட்டும் என்றிருந்தேன்.

குடித்துவிட்டு வந்தால் அவன் முதலில் கதவை உதைப்பான், அப்புறம் அக்காவை. பழைய கதவு ஒரே உதையில் திறந்துவிடும். சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்ப்பதற்குள் அவள் தலைமயிர் அவன் கையில் இருக்கும். ஆட்கள் வந்து சேரும்வரை தாங்குகிற ஒரு கதவு போதும் எனக்கு. வீட்டை விட்டு வா என்று கூப்பிட்டும் பார்த்தேன். "மலையில வேல செய்றது நான். இது எனக்குக் குடுத்த வீடு. நான் ஏன்டி போகணும்?" என்றாள்.

டர்பன்டைன் மரப் பலகைகளை இழைத்து, மூன்று குறுக்குச் சட்டங்களில் பலகைக்கு ஆறு திருகாணியாகத் திருகிப் பூட்டி, கட்டைவிரல் தடிப்பில் இரும்புத் தாழ்ப்பாளும் போட்டேன். கதவை நிலையோடு சேர்க்கும் பிணைச்சல்களைப் பூட்டும்போது மழை இறங்கிவிட்டது. திருகாணிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கி, கடைசிச் சுற்றை மட்டும் திருப்புளியால் திருகினேன். அப்பா அப்படித்தான் அடிப்பார். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான். படித்த நானும் அடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவன் உதைத்தான். தாழ்ப்பாள் அசையவில்லை. மூன்றாவது உதையில் பிணைச்சல்கள் நிலையிலிருந்து பிய்ந்து, கதவு முழுசாக உள்ளே சாய்ந்தது. அதை முதுகால் முட்டுக்கொடுத்து நின்ற அக்கா அடியில் கிடந்தாள். அவன் கதவின் மேல் ஏறி நடந்தான். நான் ஓடிப்போனபோது அவளுடைய வலது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது.

"மூணு தாங்கிருச்சே! படிச்ச புள்ளன்னா சும்மாவா?" என்று அவன் சிரித்தான்.

அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டு வந்து, திருகாணிகளைப் பொறுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட வளையவில்லை. சுத்தியலால் அடித்தால் திருகாணியின் மரை மரத்தின் நாரை அறுத்துக்கொண்டே இறங்கும். பிறகு அது பற்றிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அக்காவின் கையை ஒடித்ததில் எனக்கும் பங்கு இருந்தது.

நிலையில் புது மரத்துண்டு வைத்தேன். திருகாணியைவிட மெல்லிய துளையை டிரில்லால் போட்டேன். மரையில் துணி துவைக்கும் சவர்க்காரம் தடவினேன், அப்போதுதான் கெட்டி மரத்தில் தலை முறியாமல் இறங்கும். நடுவிரல் நீளத் திருகாணிகள், ஒவ்வொன்றும் கையால் திருகியவை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து திருப்புளிப் பிடி வழுக்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு திருகினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் கால் எலும்பை நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் மறுபடி வந்தான். நானும் அக்காவும் உள்ளே இருந்தோம். ஏழு உதைவரை எண்ணினேன். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, பிணைச்சல் அசையவில்லை. திடீரென்று தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முனை பலகையைப் பிளந்துகொண்டு அக்காவின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு இழுத்தான். கத்தி வரவில்லை.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவனைச் சேற்றில் தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பில் கால் படும் சத்தம் உள்ளே கேட்டது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கத்தி சிக்கிய பலகையை மட்டும் கழற்றினேன். திருகி ஏற்றியது என்பதால் எதிர்ப்பக்கம் திருகினதும் கழன்று வந்தது. கத்திக்கு மேலும் கீழும் தச்சு வாளால் அறுத்து, உரச் சாக்கில் சுற்றி, அக்காவோடு பஸ் ஏறினேன்.

"என்ன தங்கச்சி, வீட்டையே கழட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்றார், சாக்கிலிருந்து நீட்டிய பலகையைப் பார்த்த கண்டக்டர்.

"ஒரு பலகதாங்க. மிச்சம் வீட்டுலதான் இருக்கு."

பொலிஸ் மேசையில் அந்தத் துண்டைக் கத்தியோடு வைத்தேன். முறைப்பாட்டை நானே சிங்களத்தில் எழுதினேன். அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

கதவில் ஒரு பலகை இடைவெளி இருக்கிறது. புதுப் பலகையை அளந்து அறுத்து இழைத்துவிட்டேன். ஆறு துளைகளும் போட்டாயிற்று. இனிக் கையால் திருக வேண்டியதுதான்.