காய்ச்சாமல் காட்டிய நீலம்

பிள்ளைகளே, அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. உறவினர் கைக்கும் இந்த நினைவு மலர் போகும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ராயபுரத்தில். என்னைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்தார். யுத்தத்தில் குண்டு விழும் என்று தெருவே காலியானபோது, எனக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் அவர் மட்டும் இங்கேயே அடுப்பு மூட்டினார்.

கடைக்குட்டி பிறந்தபின் அம்மாவுக்கு நீரிழிவு வந்தது. தினமும் காலையில் ஊசியைக் கொதிக்க வைத்து நானே இன்சுலின் போடுவேன். இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். வண்ணாரப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த உங்கள் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், நாவல் கொட்டையும் ஆவாரம்பூவும் சேர்த்து ஒரு சூரணம் செய்தார். ஊசியை நிறுத்தி ஒரு மண்டலம் கொடுத்துப் பார்ப்போம், வாராவாரம் சிறுநீரைச் சோதிக்கலாம் என்றார். நான் தயங்கினேன். அம்மா சிரித்தார்.

"குத்து வாங்கறது நானு, நீ இன்னாத்துக்கு நடுங்கற? எங்கண்ணன் எனக்குக் கெடுதல் பண்ணுமா?"

வெள்ளிதோறும் சிறுநீர்ச் சீசாவை எடுத்துப் போவேன். மாமா கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டுக் குலுக்கிக் காட்டுவார். சிவந்தால் சர்க்கரை, நீலமாகவே நின்றால் இல்லை. ஐந்து வாரமும் நீலம். ஐந்து வாரமும் அம்மாவுக்குப் பூ வாங்கி வந்தேன்.

ஐந்தாம் வெள்ளிக்கு மறுநாள் அம்மாவுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரிச் சோதனையில் செங்கல் நிறம். நேற்றுகூட நீலம்தானே என்றேன். குழாயை விளக்கில் காய்ச்சினார்களா என்று கம்பவுண்டர் கேட்டார். இல்லை என்றேன்.

"இன்னா நைனா, காய்ச்சாம பாத்தா சக்கரத் தண்ணிகூட நீலமாத்தான் கீது."

தினமும் ஊசியைக் கொதிக்க வைத்தவனுக்கு இது தோன்றவில்லையே. அன்றே மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"தெரியும் மாப்ள. ரெண்டாவது வாரமே தனியா காய்ச்சிப் பாத்தேன், செவப்பு. மண்டலம் முடியறதுக்குள்ள எறங்கிடும்னு நெனச்சிகினு இருந்தேன்."

தெரியாமல் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். அம்மா கண் விழிக்கவில்லை; மூன்றாம் நாள் போய்விட்டார். அண்ணன் செய்தது தெரியாமலே போனார், அதுவே என் ஆறுதல். பிறந்த வீட்டுக் கோடியை மாமா கொண்டுவந்து போர்த்தினார். நான் தடுக்கவில்லை.

கம்பவுண்டருக்கும், இரவெல்லாம் விழித்திருந்த நர்சம்மாவுக்கும், உங்களுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டாருக்கும், பாடை சுமந்த துறைமுகத் தோழர்களுக்கும் என் நன்றி.

அச்சுக்கோப்பவர் இந்த நன்றி வரியைப் படித்துவிட்டு, தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்றே என்று கேட்டார். விட்டுப்போகவில்லை என்றேன்.