ஏழு மணி ரிங் கட்

எங்கள் வீட்டில் ஜெபம் மணியடித்துத்தான் தொடங்கும். கோயில் மணி இல்லை, போன் மணி. அம்மா அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு வந்த வழக்கம் அது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் ஒரு ரிங் கட் கொடுப்பாள். போன் இரண்டு தடவை அலறிவிட்டு அடங்கிவிடும். எடுக்கவே கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கார்டில் காசு போய்விடும் என்பதற்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன். நான் இங்கே முழங்கால் போடுகிறேன், நீங்களும் போடுங்கள் என்பதுதான் அந்த மணிக்கு அர்த்தம்.

இந்த ‘நீங்களும்’ என்பதில்தான் சிக்கல். எஹலியகொடை டவுனுக்கு மேலே, எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வேதக்காரி என்று இருந்தது அம்மா ஒருத்திதான். அப்பா நெற்றியில் விபூதி இல்லாமல் ரப்பர் பால் வெட்டப் போகமாட்டார். ஆனால் “புள்ளயத் தனியா முழங்கால் போட வச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டு அம்மா போயிருந்தாள். அதனால் அவரும் விபூதியோடு என் பக்கத்தில் முழங்கால் போடுவார். நான் சொல்வதையே முணுமுணுப்பார். கடைசியில் ஆமென் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று “முருகா” என்று சேர்த்துக்கொள்வார். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள்.

“ஏண்ணே, ரெண்டு சாமியும் சண்ட போட்டுக்கப் போறாங்க!”

ஜெபம் என்றால் என்ன என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அது சாமிக்கு நாம் கொடுக்கும் ரிங் கட். நம்மிடம் காசில்லை என்று அவருக்குத் தெரியும். நம்பரைப் பார்த்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது அவரே திருப்பி எடுப்பார். டவுனில் இருந்த சின்னச் சபையின் பாஸ்டரிடம் இதைச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே தமிழிலும் சிங்களத்திலும் பிரசங்கம் பண்ணினார். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. முதலில் மழையால் சிக்னல் இல்லை என்றோம். மழை விட்டும் அடிக்கவில்லை. நாங்களே அவள் நம்பருக்கு எடுத்துப் பார்த்தால் எவளோ ஒருத்தி புரியாத பாஷையில் என்னவோ சொல்லிவிட்டு வைத்தாள், அது மெஷின் என்று அப்பா சொன்னார். அப்பா லீவு போட்டு ரத்தினபுரியில் இருந்த, அம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்குப் போய், வெறுங்கையோடு வந்தார். போனுக்கு ரீலோட் போடும் கடை முதலாளி, அம்மா போன் பண்ணினாளா என்று, “அம்மா கோல் கலாத?” எனச் சிங்களத்தில் கேட்பார். “கலா, கலா”, பண்ணினாள் என்று தலையாட்டிவிட்டு ஓடி வந்துவிடுவேன். லயத்தில் ஆட்கள் எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அத்தைகூடச் சிரிப்பை விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

எனக்குச் சாமிமேல் கோபம் கோபமாக வந்தது. ஒருநாள் முழங்கால் போடமாட்டேன் என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“நாம இத்தன ரிங் கட் குடுத்தும் சாமி ஏம்ப்பா திருப்பி எடுக்கல?”

அப்பா முழங்கால் போட்டபடியே திரும்பிப் பார்த்தார். “எத்தன லயத்துலருந்து அடிக்கிறாங்களோ, பாவம். நாம விடாமக் குடுப்போம், வா.” விபூதிக்காரர் இப்படிச் சொன்ன பிறகு வேதக்காரியின் மகள் மூலையில் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்து போனேன்.

அப்படி ஒரு சாயங்காலம், நல்ல மழை. அப்பா விரலில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்தபடியே முழங்கால் போட்டார். நான் கண்ணை மூடினேன். போன் அடித்தது! அப்பா பாய்ந்து எடுத்த வேகத்தில், பிசுபிசுத்த விரல் பச்சைப் பட்டனில் ஒட்டிக்கொண்டது. பட்டன் அமுங்கிவிட்டது.

முதலில் தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், குசுகுசுவென்று. நாங்கள் எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை. ரிங் கட் போய்விட்டது என்று நினைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கியிருந்தாள். நான் “அம்மா” என்று கத்தப் போனேன். அப்பா என் வாயைப் பொத்திவிட்டார்.

“பறிச்சு வச்ச போனக் குடுக்க இந்த வீட்டுக்காரம்மா மனச எறக்கினீரே, ஸ்தோத்திரம் ஆண்டவரே. அங்க காலையில மழைய நிறுத்தும். அவரு பால் வெட்டி முடிக்கிற வரைக்குமாச்சும் நிறுத்தும். புள்ளைக்குத் தல சீவிவிட நாத்தனாருக்குப் பொறுமையக் குடும்.”

நடுவில் யாரோ கதவைத் தட்டி அரபியில் கத்தினார்கள். அம்மா நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தம் இன்னும் பெரிதானது. பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்ற அத்தை, “அடிப்பாவி, எனக்கா பொறும இல்ல?” என்று சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா போனை வைத்தார். அம்மா சுகமாக இருக்கிறாள், சாமி திருப்பி எடுத்துவிட்டார்! எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. ஒன்றுதான் விளங்கவில்லை. லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு வாளி நிரம்பி வழிந்தாலே என்னை வெளுத்து வாங்குகிறவள் அம்மா.

“அப்பா, அம்மா ஏன் பைப்ப இப்புடித் தொறந்து விட்டிருக்காங்க?”

“குளிக்கிறா போல” என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு முருகாவைச் சொல்லவே மறந்துவிட்டார்.

வேலைக்காலம் முடிந்து அம்மா வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள், மற்றபடி அதே அம்மாதான். வந்த அன்று அத்தை கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். வீடு முழுக்கச் சிரிப்பும் மசாலா வாசமும். ஏழு மணி ஆனதும் அம்மா பேச்சை நிறுத்தி எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், அவள் அனுப்பிய காசில் அப்பா பின்பக்கம் கட்டியிருந்த பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பைப் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்பா சோற்றுக் கையோடு எழுந்து போய்க் கதவைத் தட்டினார். அவள் திறந்ததும் உள்ளே போய் பைப்பை மூடினார்.

“இது நம்ம வீடு, புள்ள.”

அம்மா ‘ஓ’வென்று அழுதாள். லயம் முழுக்கக் கேட்கும்படி அப்படி ஒரு அழுகை. தண்ணீரை வீணாக்கியதற்கு அப்பா திட்டுகிறார் என்றே நினைத்தேன். வந்த அன்றைக்கே திட்டவேண்டுமா என்று, அப்பாமேல் எனக்கு ஒரே கோபம்.