பாலும்மா விரித்த பாய்

ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் பக்கத்து ட்ருகனினாவில் என் மகன் தன் வீட்டுக் கூடத்தில் எங்கள் வம்ச வரிசையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். வருகிறவர்கள் போனில் படம் எடுக்கிறார்கள். "ஆன்ட்டி, நீங்க அரபி ஃபேமிலியா?" என்று கேட்டால், "ஆமா, ஏமன் நாட்டுக் குதிரை வியாபாரி வம்சம்" என்று நிமிர்ந்துதான் சொல்வேன். பொய்யில்லையே. அந்தப் பெருமைக்கு எட்டு வயதில் நான் எதைக் கொடுத்தேன் என்று யாரும் கேட்பதில்லை.

அப்போது என் அக்காவை, ராத்தாவை, பெண் கேட்டு வந்திருந்தார்கள். எங்கள் ஊரில் முதலில் வம்சம் வாசிப்பார்கள். மற்றப் பேச்செல்லாம் பிறகுதான். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நடுவே வாப்பா வாசித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஜமக்காளத்தில் பெண்கள். என்னை ஒட்டி என் வயதுச் சிறுமி ஒருத்தி.

நான் பிறந்தபோது உம்மா காய்ச்சலில் கிடக்க, எங்கள் வீட்டில் மாவு இடிக்க வந்தவள்தான் தன் மகளோடு எனக்கும் பால் கொடுத்தாள். மார்க்கப்படி அவள் எனக்குத் தாய். என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த அந்த மகள் என் உடன்பிறப்பு. பாலும்மா என்றுதான் கூப்பிடுவேன். "வாடி கழுதை" என்று மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்ப்பாள்.

மாப்பிள்ளையின் மாமி அந்தச் சிறுமியைக் காட்டி, "இது யாரு புள்ள?" என்றார்.

பெண்கள் முந்தானையைச் சரிசெய்தார்கள். பால் உறவைச் சொன்னால் எங்கே சம்பந்தம் கெட்டுப்போகுமோ என்ற பயம். எனக்கோ வம்சப் பெயர்களெல்லாம் மனப்பாடம். முந்திக்கொண்டு சொன்னேன்: "இவ வாப்பா பேரு அதுல வராது மாமி. இவ மாவு இடிக்கிறவ மக."

"அடேயப்பா, அரபி ரத்தம்ல பேசுது!" என்று மாமி என் கன்னத்தைக் கிள்ளினார். எல்லாரும் சிரித்தார்கள். உம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். பலகாரத் தட்டோடு வாசலில் நின்ற பாலும்மா தட்டைக் கீழே வைத்தாள். "எழும்பு புள்ள" என்று மகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சம்பந்தம் கூடிவிட்டது.

அதன் பிறகு பத்து நாளாக அவள் வரவில்லை. நானே தேடிப் போனேன். மகள் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். பாலும்மா புதுப் பாயை உதறி விரித்தாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?"

கடைக்குப் போய்ச் சோடா வாங்கி வந்து, என் கையில் தராமல் பாயோரம் வைத்தாள். பெரியவர்களுக்குத்தான் சோடா. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பாலும்மாவே என்னைப் பெரிய மனுஷியாக்கிவிட்டாள் என்று உம்மாவிடம் சொல்ல, வீடுவரை நிற்காமல் ஓடினேன்.