நெகட்டிவில் இல்லாத தழும்பு

அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கென்று ரவுணில் ஒரு கடையில் கொம்பியூட்டரில் செய்து தந்த படத்தை அம்மா வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது ஆர்?" என்று கேட்டார்.

படத்தில் இருந்தது இருபத்தொரு வயது அக்காதான். ஆனால் முகத்தைப் பெருநாளுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். இடது புருவத்துக்கு மேலே, நகத்தளவில் வளைந்து கிடந்த தழும்பையும் காணவில்லை. "ரீவி நாடகத்தில வாற பிள்ளை மாதிரிக் கிடக்கு. என்ர பிள்ளையின்ர நெத்திக் காயம் எங்க?" என்று அம்மா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். அன்று பூசைக்குப் படம் இல்லாமலே போனோம்.

வேறு படம் இல்லையா என்று கேட்பீர்கள். அல்பங்கள் எல்லாம் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் எங்கேயோ போய்விட்டன. அதற்குப் பிறகு அக்கா கமெராவுக்கு முகம் கொடுத்ததே இல்லை. கலியாண வீட்டுப் படங்களில் அவள் முதுகு இருக்கும், அல்லது பலகாரத் தட்டுப் பிடித்த கை இருக்கும். கடைசி வருடம் கொழும்பு ஆஸ்பத்திரியில் என் போனில் எடுத்த நாலைந்து படங்கள் உண்டு. தலைமுடி உதிர்ந்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. அவற்றை அம்மாவுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. நானே ஒரு முறைக்கு மேல் பார்த்ததில்லை.

மிஞ்சியது ஒரு நெகட்டிவ்தான். கலியாணப் பேச்சுக்காக அக்காவை இருத்திப் படம் எடுத்த ஸ்ரூடியோவை அதன் சொந்தக்காரர் செத்த பிறகு ஒதுக்கிக் காலி செய்தார்கள். அவருடைய மகள் எங்கள் வீட்டுப் பெயர் எழுதிய உறையைக் கண்டு கூப்பிட்டுத் தந்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ். அதைத்தான் கடையில் கொடுத்துப் படம் செய்வித்தேன். போய்ச் சண்டை பிடித்தபோது அந்தப் பொடியன், "நிறத்தை மட்டும்தான் அண்ணை கூட்டினனான். காயம் ஒண்டும் அதில இருக்கேல்ல" என்றான். நான் நம்பவில்லை. முகத்தைச் சுரண்டத் தெரிந்தவனுக்குப் பொய் சொல்லவும் தெரியும் என்று ஏசிவிட்டு வந்தேன்.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தத் தழும்பு நான் போட்டது. எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. கடற்கரையில் சிப்பி ஓடுகளைத் தண்ணீரில் தத்தவிட்டுக்கொண்டிருந்தேன். என் பலம் எல்லாம் சேர்த்து நான் ஒன்றை வீசவும், அவள் குனிந்து நிமிரவும் சரியாக இருந்தது. இரத்தத்தைக் கண்டு அவளை விட நான்தான் குளறினேன். பாவாடை நுனியால் நெற்றியைப் பொத்திக்கொண்டு, "நான் விழுந்திட்டன் எண்டு சொல்லுறன். நீ வாயத் திறக்காத" என்றாள். நான் திறக்கவில்லை. நாற்பது வருடம் திறக்கவில்லை.

பிறகு நறுவிலிக்குளத்தில் இருந்து பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போனார்கள். அதோடு அக்கா கலியாணப் பேச்சையே நிறுத்திவிட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றிக் காயத்தைக் கண்டுதான் போனார்கள் என்று நான் எனக்குள்ளேயே முடிவு செய்துவைத்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை, கேட்கப் பயம்.

ஆண்டுப் பூசைக்கு முன்னர் அந்த நெகட்டிவில் இருந்து என் கையாலேயே படம் போடுவதென்று தீர்மானித்தேன். கொம்பியூட்டரை நம்பினால்தானே திருகுதாளம். ஸ்ரூடியோக்காரரின் மகள், நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழுத்தும் என்லார்ஜரையும், "இடம் பிடிச்சுக்கொண்டு நிக்குது, கொண்டுபோங்கோ" என்று தந்தார். காகிதமும் மருந்தும் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தன. யூடியூப்பில் ஒரு கிழமை பாடம் படித்தேன்.

என் தொழில் வீடுகளுக்கு வயரிங் செய்வது. குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையின் யன்னலில் கறுப்புப் பொலித்தீன் அடித்து, கதவு நீக்கலில் சாக்குத் திணித்தேன். அதைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் லைற் போடுறவன் வீட்டில இருட்டுத் தேடுறான்" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா போன பிறகு அம்மா சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் ஆகும். வீட்டில் திரு இருதயப் படத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு பல்ப் இருக்கிறதே என்று அதைக் கழற்றிப் போட்டேன். கறண்ட் வேலை தெரிந்தவன் செய்கிற வேலையா அது? பல்ப்புக்கு வெளியே பூசிய சிவப்பு சூட்டில் உரிந்து, நடுவால் வெள்ளை ஒழுகியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ஏழு காகிதம், ஏழும் சாம்பல். "சாமியின்ர லைற்றைக் களவெடுத்தா வேற என்ன வரும்?" என்று அம்மா பல்ப்பைத் திருப்பிக் கேட்டார்.

சிவப்பு எல்ஈடி வாங்கிப் போட்டேன். அடுத்தது சூடு. படத்தை வெளியே கொண்டுவரும் மருந்து குளிர்ந்திருக்க வேண்டும். மன்னாரில் மத்தியானம் பொலித்தீன் அடித்த அறைக்குள் நானே வெந்துகொண்டிருந்தேன். மீன் வாடியில் ஐஸ் வாங்கி, பேசினில் போட்டு, அதற்குள் மருந்துத் தட்டை வைத்தேன். அறை முழுக்க அறக்குளா மீன் மணத்தது. போனை எடுத்து நேரம் பார்த்தால் அதன் வெளிச்சமே காகிதத்தைக் கெடுத்துவிடும். அதனால் அருள் நிறைந்த மரியே சொல்லிக் கணக்குப் பார்த்தேன். நிதானமாக ஒன்று சொல்லி முடிக்கப் பதினைந்து விநாடி. என்லார்ஜர் விளக்குக்கு ஒன்று, மருந்துத் தட்டில் எட்டு.

முகம் வந்தது. கழுவிக் காயவிட்டபோது முகமெங்கும் வெள்ளைப் படலம் பூத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பது எனக்குத் தெரியாததா? தேத்தண்ணிக்கே உதவாத தண்ணீரில் அக்காவைக் கழுவியிருக்கிறேன். பிறகு உயிலங்குளத்தில் வேலைக்குப் போகும் நாட்களில் மோட்டார் சைக்கிளில் இரண்டு கான் நல்ல தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவும் செய்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் துப்புரவான படம் ஒன்று கிடைத்தது. பின்னல், சட்டைக் கரை, கழுத்துச் சங்கிலி, எல்லாம் தெளிவு. நெற்றி மட்டும் மொழுமொழுவென்று இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டேன், குறைத்துப் போட்டேன். தழும்பு வரவில்லை. என் கைதான் பிழை என்று மேலும் நாலு காகிதத்தைப் பாழாக்கினேன்.

கடைசியில் பூதக்கண்ணாடியை எடுத்து நெகட்டிவை யன்னலுக்கு நேரே பிடித்தேன். இடது புருவத்துக்கு மேலே, மயிரை விட மெல்லிய பென்சில் கோடுகள். நூற்றுக்கணக்கில், ஒன்றின் மேல் ஒன்று, அவ்வளவு பொறுமையாக. நெகட்டிவில் பென்சில் பூசினால் படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். உறையைத் திருப்பினேன். "நெற்றிக் காயம் எடுக்கவும்" என்று ஸ்ரூடியோக்காரரின் எழுத்து. கொம்பியூட்டர்ப் பொடியனுக்கு நான் ஏசிய ஏச்செல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகிப்போனது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தால் பென்சில் போய்விடுமாம். கை தவறினால் முகமும் சேர்ந்து போகும், இருப்பது அது ஒன்றுதான். ஆனால் என் கையைப் பிடித்தது அந்தப் பயமில்லை. அக்கா கேட்டுத்தான் காயத்தை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு தடவை நான் போட்டதை அவள் காசு கொடுத்து அழிப்பித்திருக்கிறாள். செத்த பிறகு திரும்பவும் நானே போடுவதா? அந்த மொழுமொழு நெற்றிப் படத்தோடு குசினிக்குப் போனேன். அம்மா முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அது நெகட்டிவிலயே இல்லை. அப்பவே பென்சிலால மூடிப்போட்டினம். அக்காதான் கேட்டிருக்கிறா போல. அவ வேண்டாமெண்டதை நான் எப்பிடித் திருப்பிப் போடுறது?"

அம்மாவின் கை நின்றது. "அவள் கேக்கேல்ல. நான்தான் கேட்டனான்" என்றார்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"புறோக்கரிட்டக் குடுக்கிற படமெண்டு நான் தனியப் போய்ச் சொன்னனான். பேப்பரிலதான் அழிப்பினமாக்கும், நெகட்டிவில அது கிடக்கும் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். படத்தைக் கண்டிட்டு அவள் அழுதவள். ஏனம்மா எடுத்தனீங்கள், அது தம்பி போட்டது, கிடக்கட்டுமே எண்டவள்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அண்டைக்குத்தான் வாய் தவறிச் சொன்னவள். உன்னட்டக் கேக்கக் கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவள்."

பிறகு, கேளாமலே, நறுவிலிக்குளத்துக்காரர் கதையையும் சொன்னார். "காயத்தை அவையள் ஒரு குறையும் சொல்லேல்ல, ராசா. படத்தில ஒண்டு நேரில ஒண்டு, இன்னும் எதையெதை மறைச்சு வைச்சிருக்கிறியளோ எண்டுதான் கேட்டவை. அவளை முன்னுக்கு வைச்சுக்கொண்டு கேட்டவை. அதுக்குப் பிறகு அவள் ஒரு படத்துக்கும் இருக்கேல்ல. நான்தான் என்ர பிள்ளையக் கெடுத்தனான்."

அம்மா முருங்கைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, குற்றம் என்னுடையது என்று நானும், தன்னுடையது என்று அம்மாவும் இவ்வளவு காலம் இருந்திருக்கிறோம். நடுவில் இருந்து அவள் எங்கள் இருவருக்கும் சோறு போட்டிருக்கிறாள். அவள் உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை வாய் திறந்திருக்கலாம். ஒரேயொரு தடவை. அந்த நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. கோயிலால் வந்து, சாமான் அறைக்குள் போகுமுன், யன்னலோரம் இருந்து நெகட்டிவைத் துடைத்தேன். பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. பிறகு உள்ளே போய், சிவப்பு வெளிச்சத்தில் காகிதத்தை வைத்து, என்லார்ஜரைப் போட்டு, அருள் நிறைந்த மரியே மந்திரத்தைத் தொடங்கினேன். மரண நேரம் என்று வரும் இடத்தில் தடுமாறிவிட்டேன். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. திரும்ப முதலில் இருந்து சொன்னேன், விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தட்டில் தழும்புதான் முதலில் வந்த மாதிரி எனக்குப் பட்டது. பிறகு புருவம், கண், வாய், எல்லாம் தேவைக்கு மேலே கறுத்து. வேறொன்று போட மருந்து மிச்சமில்லை. உயிலங்குளத்துத் தண்ணீரில் கழுவி, ஈரத்தோடே அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"கன நேரம் விட்டிட்டன் அம்மா. நல்லாக் கறுத்துப்போச்சு."

அம்மா ஈரப் படத்தில் இடது புருவத்துக்கு மேலே விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

"என்ர பிள்ளை கறுப்புத்தானே" என்றார்.