பெரியம்மாவின் விசில்

உலகத்தில் இதுவரை பிறந்த துப்பறிவாளர்கள் அத்தனை பேரையும் ஒரே வாளியில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, பிழிந்து எடுத்தாலும் என் பெரியம்மாவின் சுண்டுவிரல் நகத்துக்கு ஈடாக மாட்டார்கள். நிலா மட்டும் கைக்கு எட்டியிருந்தால், அதிலிருக்கும் கறையை யார் கொட்டினார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லி, மறுநாள் சாயங்காலத்துக்குள் அதை வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்திருப்பார்.

பெரியம்மா வைத்திருப்பது லாண்டரிக் கடை. மேட்டுத் தெருவின் முனையில், ஏரியைப் பார்த்த மாதிரி இருக்கிறது. உள்ளே இரண்டு மெஷின்கள், ஒரு இஸ்திரி மேசை, மேசைக்கு நேரே ஒரு ஜன்னல், ஜன்னல் முழுக்க ஏரி. ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் போதும், போட்டவர் என்ன சாப்பிட்டார், எங்கே வழுக்கி விழுந்தார், எல்லாம் வந்துவிடும். "இது பேனா மை இல்ல சார், கண் மை" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஆள் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவர்தான்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால் நானும் அந்தக் கடையில்தான் இருக்கிறேன். என் முக்கியமான வேலை, துணிகளில் குத்தும் அடையாளச் சீட்டை மாற்றிக் குத்தி, வங்கி மேனேஜருக்குப் பூப்போட்ட நைட்டி போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வது. பெரியப்பா இஸ்திரி போடுவார். பேச மாட்டார். அந்த வீட்டில் பேசுவதற்கு அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏரிப் பாதுகாப்புக் குழுவுக்கும் பெரியம்மாதான் தலைவி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கரையில் நிற்பார். ஒருமுறை ஊதினால் குனிந்து குப்பை பொறுக்க வேண்டும். இரண்டுமுறை ஊதினால் எவனோ டீ குடிக்க நழுவுகிறான் என்று அர்த்தம். என்னையும் போர்வையோடு இழுத்துக்கொண்டு போவார். ஏரிமேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. தூக்கத்தின்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் எல்லாம் போய்விட்டது. ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. மேட்டுத் தெருவில் பெய்கிற மழைத்தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக இறங்கி ஏரியில் விழும். மழையே இல்லாத நாளிலும் அந்தக் கால்வாய் வாயில் வெள்ளை வெளேரென்று நுரை நின்றது. மீன்குஞ்சுகள் அங்கே மட்டும் செத்து மிதந்தன.

"வேற யாரு? கார் கழுவுறவன்தான்," என்றார் பெரியம்மா. எங்கள் கடைக்கு எதிரே கார் கழுவும் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். பாவம், அவர் போகிற இடமெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே போயிற்று.

ஒருநாள் குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்றார். "அக்கா, நான் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? நிரூபிங்க."

"நிரூபிக்கிறேன் தம்பி. சாயம் போன துணி எதோட சேர்ந்து கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கிறவ நான். உன் தண்ணியில சிவப்புச் சாயம் கலப்போம். கால்வாயில சிவப்பு வந்தா நீதான்."

"அப்ப உங்க கடையிலயும் ஊத்துங்க."

"தாராளமா! எங்களுக்குப் பச்சை. எவன் குழாயா இருந்தாலும் சரி, நானே சிமெண்ட் குழைச்சு அடைப்பேன். இது சத்தியம்."

கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மைக்கை விடவே மாட்டார் என்பதால் மைக் சார், அந்தச் சத்தியத்தை மைக்கில் இன்னொரு முறை சொல்லி ஊருக்கே கேட்க வைத்தார்.

தண்ணீருக்குக் கெடுதல் செய்யாத சாயப்பொடி வந்தது. எல்லோரும் எங்கள் கடையில் கூடினார்கள். என்னை மட்டும் கால்வாய் வாயில் நிறுத்தினார்கள், போனும் கையுமாக. தண்ணீர் தெளிவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு ஓணானைக் கல்லால் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பச்சை. கிளி இறகு மாதிரி அப்படி ஒரு பச்சை.

எனக்கு அந்தச் சத்தியம்தான் முதலில் ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கி, காலாலேயே கலக்கினேன். யாராவது வருவதற்குள் கலைந்துவிடாதா என்று குதித்துக் குதித்துக் கலக்கினேன். போன் அடித்தது.

"என்னடா வருது?"

"ஒண்ணும் வரல பெரியம்மா."

"சிவப்பு?"

"வரல."

சிவப்பு என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சுலபம்! ஆனால் அந்த அண்ணன் என் சைக்கிளுக்குச் சும்மாவே காற்றடித்துக் கொடுப்பவர்.

முகம், கை எல்லாம் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாகக் கடைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு படி ஏறினேன்.

"டேய், நில்லு. காலைத் தூக்கு."

குதிரைக்கு லாடம் பார்க்கிற மாதிரி என் காலைப் பிடித்துத் தூக்கினார். குதிகால் பெரியம்மாவின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நின்ற ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். விட்டுடு பெரியம்மா, காலைக் கீழே விட்டுடு, முடிஞ்சுபோச்சு.

பெரியம்மா கொஞ்ச நேரம் அந்தக் குதிகாலையே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதைத் திருப்பிப் பிடித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஆடினேன்.

"நம்ம கடைக்கு என்ன கலருன்னு சொன்னேன்?"

பேசியது பெரியப்பா. "அந்த ரெண்டாவது மெஷினு வெச்சப்ப... கொத்தனாரு குழாயை எங்க விட்டாருன்னு நான் பாக்கலம்மா."

அன்றைக்கே சிமெண்ட் குழைத்தார். கார் கழுவும் அண்ணன் ஓடிவந்து, "அக்கா, குடுங்க, நான் அடைக்கிறேன்" என்றார்.

"கையை எடு தம்பி. ஊரெல்லாம் உன் பேரைத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மன்னிச்சிரு." சொல்லிவிட்டு மண்டியிட்டுப் பூசினார். பூச்சு சுத்தமாக இருந்தது.

சாக்கடை லைனில் இணைப்புக் கிடைக்கும்வரை இரண்டாவது மெஷின் ஓடாது. அது கூடப் பரவாயில்லை. பெரியம்மா விசிலை ஆணியில் மாட்டினார். ஜன்னலைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் கடையிலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"போ பெரியம்மா, எல்லாரும் கேக்குறாங்க."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் ஊதுறது?"

இனி என் போர்வையை இழுக்க ஆளில்லை. எவ்வளவு சந்தோஷமான விஷயம்! ஆனால் தூக்கம்தான் வரவில்லை. தானாக முழிப்பு வந்து தொலைத்தது.

அடுத்த ஞாயிறு விசிலைச் சுருட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். மைக் சாரும் கார் கழுவும் அண்ணனும் மட்டும் நின்றார்கள். ஊதினேன். பெரியம்மாதான் வந்துவிட்டார் என்று மேட்டுத் தெருவே பதறியடித்துக்கொண்டு இறங்கி வந்தது. என்னைப் பார்த்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வந்தது வந்துவிட்டோமே என்று குப்பையும் பொறுக்கினார்கள். கால்வாய் வாயில் நுரை இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. வீட்டில் பந்து விளையாடப் போவதாகச் சொன்னேன். பேண்டில் ஏரிச் சேறு இருந்தால் வாசலிலேயே மாட்டிக்கொள்வேன் என்று தெரியாதா? அதனால் கடையிலிருந்து ஒரு துண்டு சோப்பைத் திருடிப் போய், கால்வாய் ஓரத்திலேயே பேண்டைத் துவைத்து, புதர்மேல் காயப்போட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, காய்ந்ததும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஒரு கறை கிடையாது. யாரிடம் பயின்றவன் நான்!

ஒரு ஞாயிறு கால்வாய் வாயில் முழங்கால் தண்ணீரில் நின்று கோரை நட்டுக்கொண்டிருந்தேன். நட்டு வைத்தால் வருகிற அழுக்கை அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"பந்து தண்ணிக்குள்ள போயிடுச்சா?"

திரும்பவே பயமாக இருந்தது. "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பிறந்ததுல இருந்து ஒரு கர்சீப்பாவது துவைச்சிருக்கியாடா நீ? பந்து விளையாடப் போனவன் போனதைவிட வெள்ளையாத் திரும்பி வந்தா நான் என்ன நினைக்கிறது?"

பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தார். என் கெண்டைக்காலைச் சுற்றி மீன்குஞ்சுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"விசிலைக் குடு."

கொடுத்தேன்.

"துடைச்சுக் குடுடா, எருமை."

சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையோரமாக நடந்தார். புதர்ப் பக்கம் போனவர் சட்டென்று நின்றார். குனிந்தார். கை அகலத்துக்கு வெள்ளை நுரை தண்ணீரில் ஒதுங்கியிருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"டேய்."

"என்ன பெரியம்மா?"

"இது நம்ம கடை சோப்பு."

நான் கரையேறி டீக்கடைப் பக்கம் மெல்ல நகர்ந்தேன். பின்னால் விசில் இரண்டுமுறை ஊதியது.