வெள்ளிக்கிழமை பத்திரம் வெளியே போகாது

நான் யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவள் இல்லை. அந்த ஒருத்தியைக்கூட ஏமாற்றவில்லை, காக்க வைத்தேன், அவ்வளவுதான் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, நல்ல விலைக்குப் போனது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர் கொடுத்த பணம் பீரோவில் சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரருடைய பங்காளியின் மனைவி, எனக்குத் தங்கை முறை, தங்கள் இரண்டு ஏக்கர் காட்டில் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கேட்டு வந்தாள். காட்டை அடமானம் வைப்பது, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று பேசி வெற்றிலை பாக்கு மாற்றினோம். மூலப்பத்திரத்தை அன்றே என்னிடம் கொடுத்துவிட்டாள். வரும் திங்கட்கிழமை அடமானம் எழுதிப் பணம் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த வட்டியில் என் மகளுக்கு என்னென்ன நகை செய்யலாம் என்று நான் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ராசிபுரத்துல சர்க்காருல கெணத்துக் கடன் தராங்களாமுங்க. நம்ம பேசுன வட்டியில பாதிகூட இல்லீங்க. சனிக்கெழம மத்தியானத்தோட கடைசியாமுங்க. பத்திரத்தக் குடுத்தீங்கன்னா போயி எழுதிக் குடுத்துருவோமுங்க."

எனக்கு வயிறு எரிந்தது. பேசி முடித்த பிறகு மனசு மாறுகிறாளே என்று கோபப்பட்டதாகப் பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன். கைக்கு வந்த வட்டி போகிறதே என்ற ஆத்திரம்தான் அது.

"அதுக்கென்ன சாமி, தாராளமா வாங்கிக்க. வெளக்கு வெச்சாச்சே, இப்ப எப்படி ஊட்டுல இருந்து எடுத்துக் குடுக்கறது?" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் வந்தாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து உப்புக்கூட வெளியே போகாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள். காபி கொடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை ஏழரை மணிக்கு அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் குளிக்கப் போனேன். அத்தனை நிதானமாக நான் குளித்ததே இல்லை. தலைக்கு அரப்புத் தேய்த்து, இரண்டு தரம் அலசி, வெளியே வந்தபோது ஒன்பது அடித்திருந்தது.

"ராகு காலம் பொறந்துருச்சே சாமி. பத்தரைக்கு மேல வாங்கிக்க."

ராசிபுரம் பஸ் பத்து மணிக்கு. அடுத்தது மூன்று மணிக்குத்தான். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "குடுத்துத் தொலையேன்" என்று முணுமுணுத்தார். காதில் விழாதவள் போல ஈரத்தலையைத் துவட்டினேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்தாள். "செரிங்கக்கா, திங்கக்கெழம நீங்களே பணத்தக் குடுத்துருங்க" என்றாள். மழைக்கு முன்னால் கிணற்றில் வெடி வைத்தாக வேண்டும், அடுத்த கடன் வரும்வரை அவர்களால் காத்திருக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வட்டியை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் பணம் லட்சுமியாயிற்றே. ஆறு வருடம் வந்தாள். கிணற்றில் பாறைதான் கண்டது. மோட்டார் போட்டால் அரை மணி நேரம் தண்ணீர் ஓடும். முதலில் எருமைகள் போயின, பிறகு அவள் காதுத் தோடு. ஒரு மாதமும் தவணை தப்பவில்லை. கடைசியில் காட்டையே விலை பேசி, வாங்குகிறவர் தந்த முன்பணத்தைக் கொண்டுவந்து என் கடனை அடைத்தாள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

பணத்தைப் பீரோவில் வைத்துவிட்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டினேன். எனக்குக் கிழமை மறந்துபோயிருந்தது. அவள் கை நீட்டவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்கக்கா. உங்க ஊட்டுல இருந்து எதும் வெளிய போகக் கூடாதுங்களே. நாளைக்கு வாரேனுங்க."

மறுநாள் சரியாக ஒன்பது மணிக்கு வந்தாள். நான் நேரத்தோடு குளித்துவிட்டுக் காத்திருந்தேன்.

"உள்ள வா சாமி, வாங்கிட்டுப் போ."

"ராகு காலமுங்களே. பத்தரை ஆகட்டுமுங்க."

வெயிலில், வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். தெருவில் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் குரலில் கோபமே இல்லை. அவளுடைய மூளிக் காதைப் பார்க்காமல் இருக்க முயன்றபடி நான் பத்திரத்தோடு நிலைப்படியில் நின்றேன். உட்காரவும் பயமாக இருந்தது.

பத்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தரைக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன்.