வெண்ணெய்ப் பேரி மரம் விழுந்த கதை

பழக்கடைக்காரன் காலையில் முதலில் செய்வது விற்பதல்ல, அழுகினதைப் பொறுக்கி எறிவது. இந்தத் தொழிலில் என்னோடு பாடுபடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி டவுணில் கீழ ரத வீதியில் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பொறுக்கி எறிய முடியாத ஒன்று என்னிடம் இன்னும் கிடக்கிறது. கொடைக்கானல் மலையில் வெண்ணெய்ப் பேரி மரம் விழுந்துவிட்டது என்று பேட்டை மீரான் ராவுத்தர் எனக்குச் சொன்ன சங்கதி அது. என் மனைவி சிவகாமி படுக்கையில் கிடந்து கேட்ட ஒரே பழம் அந்த மரத்துப் பழம். அவர் சொன்னதைப் பல வருஷமாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். சந்தேகித்துக்கொண்டே அவரிடம் சரக்கும் வாங்கி வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் பேரிக்காயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கடித்துப் பார்த்த குமாஸ்தா

ஆடி பிறந்தால் பேரி வரும். மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கி, மாட்டு வண்டியில் அம்மையநாயக்கனூர் டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி மதுரை வழியாக நம் ஊருக்கு வரும். வேறு எந்தப் பழமும் இத்தனை இடிபட்டால் கூழாகிவிடும். நாட்டுப் பேரிக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் அதன் பெருமை, அதுதான் என் தலைவலி. நம் ஜனங்களுக்குப் பழமென்றால் மணக்க வேண்டும், மஞ்சளாக வேண்டும், அமுக்கினால் அமுங்க வேண்டும். நாட்டுப் பேரி இதில் எதையும் செய்யாது.

முதல் வருஷம் ஒரு வக்கீல் குமாஸ்தா கடை வாசலிலேயே நின்று ஒன்றைக் கடித்தார். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மணலை மெல்லுகிற மாதிரி நறநறவென்கிறது என்றார். சாறு இனிப்பாயிருக்கிறதே என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. கடித்த காயைக் கூடையிலேயே திரும்ப வைத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளைவாள், இது திங்கதுக்கா, எறியதுக்கா?"

வேர் ஒரு தேசம், தலை ஒரு தேசம்

இந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று கேட்காத வாடிக்கைக்காரர் இல்லை. எனக்குத் தெரியாது. நாட்டுப் பேரி என்று பேரே தவிர, அதுவும் வந்தேறி மரம்தான். சீன தேசத்திலிருந்து வந்தது என்பார் ஒருவர், காஷ்மீரத்திலிருந்து என்பார் இன்னொருவர். நான் ராவுத்தரைக் கேட்டேன். வருஷா வருஷம் மலையேறிச் சரக்கு எடுத்து வருகிறவர் அவர்தான்.

மலையில் ஒரு துரையின் தோட்டத்தில் வேறு ஜாதிப் பேரி ஒன்று உண்டு என்றார். துரை சீமையிலிருந்து ஈரப் பாசியில் சுற்றிக் குச்சியாகக் கொண்டுவந்து, நாட்டுப் பேரியின் வேர்மேல் ஒட்டுக் கட்டினாராம். அந்த ஒரே மரம்தான். அதன் பழம் வாயில் வைத்தால் வெண்ணெய் மாதிரிக் கரையும். தோட்டக்காரன் அதையும் காயாகவே பறித்து, வைக்கோல் போட்டுக் கொடுப்பான். இங்கே வந்து சில நாளில் கனியும். வழியில் நசுங்காதிருக்கத்தான் அப்படிச் செய்கிறான் என்று ராவுத்தரும் நினைத்தார், நானும் நினைத்தேன். மரத்தின் கதையைச் சொல்லி முடித்து அவர் சொன்னார்: "வேரு மலைக்காரன், தலை சீமைக்காரன். நம்ம வக்கீல்மாரு மாதிரிதான்வே."

அல்வாவில் போட்ட பேரி

விலை போகாத காயை என்ன செய்வது என்று யோசிப்பது எங்கள் தொழிலில் பாதி. நாட்டுப் பேரியைச் சீவி உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவினால் பள்ளிக்கூடத்து வாசலில் ஓடும். தச்சநல்லூரில் ஒரு அம்மாள் மாங்காய் இல்லாத மாதங்களில் அதில் பச்சடி வைத்தாள். பாளையங்கோட்டைப் பங்களா ஒன்றில் சமையல் பார்த்த அந்தோணி, கிராம்பும் சீனியும் போட்டு வேகவைத்து மேஜைக்கு அனுப்புவார். அவர்தான் கழிவுச் சரக்கைக்கூடப் பேரம் பேசாமல் எடுப்பவர்.

பக்கத்து அல்வாக் கடைக்காரருக்கும் ஆசை வந்தது. துருவிப் பிழிந்து, நெய்யைக் கொட்டி, கை ஓயும் மட்டும் கிண்டினார். பேரி தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது. சட்டியோடு என் கடைக்கு வந்து காட்டினார். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் யோசனை சொன்னவன் நான். அவர் கரண்டியால் ஒருமுறை புரட்டிவிட்டுச் சொன்னார்: "பாரும் அண்ணாச்சி, நெய் ஒரு பக்கம், பேரி ஒரு பக்கம். எங்க வீட்டு மாமியா மருமவ மாதிரில்லா நிக்குது!"

காலிக் கூடை

மரம் விழுந்ததாகச் சொன்ன அந்த வருஷம் ஆவணியில் சிவகாமிக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. ஆனால் வாயும் தொண்டையும் புண்ணாகிவிட்டன. கஞ்சி எரிந்தது. வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தால் குமட்டினாள். ஆஸ்பத்திரி அப்போத்திக்கரி மருந்து கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை. முந்தின வருஷம் ராவுத்தர் அவளுக்கென்று கொடுத்த வெண்ணெய்ப் பேரி ஒன்றை அவள் தின்றிருந்தாள். அது கிடைத்தால் இறங்கும் என்றாள். நான் பேட்டைக்கு ஓடினேன். ராவுத்தர் அன்றைக்கே புறப்பட்டார். "தங்கச்சிக்கா? காயாக் கொண்டாந்து, அது கனியுத மட்டும் காத்துக் கிடக்க முடியுமா? கையில குடுத்ததும் திங்குத மாதிரி கொண்டாருதேன்" என்றார்.

வழக்கமாகத் திரும்புகிற நாள் கடந்தது. அவள் வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினாள். கடைசியில் ராவுத்தர் வந்தார். தோளில் கூடை இருந்தது, கூடையில் வைக்கோல் மட்டும் இருந்தது. "காத்துல மரம் விழுந்துட்டு, பிள்ளே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையை வாங்கி வைத்தபோது வைக்கோலில் புளித்த வாடை அடித்தது. பழமில்லாத கூடைக்கு ஏது வாடை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நாட்டுப் பேரியை வேகவைத்து வடிகட்டி ஊட்டினேன், ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. புரட்டாசியில் போய்விட்டாள். ராவுத்தர் வந்த அன்று அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "மரம் விழுந்தா விழுது. அண்ணன் விழாம வந்துட்டாவளே, அவுகளுக்கு மோர் குடுங்க."

அந்தோணி சொன்னது

சீமையில் சண்டை மூண்டபிறகு பங்களாக்களில் ஆள் குறைந்தது. அந்தோணிக்குப் பொழுது நிறையக் கிடைத்தது. ஒரு நாள் கடையில் வந்து உட்கார்ந்து, தன் பங்களாத் துரையோடு மலைக்குப் போய் ஆவணி வரை தங்கின கதையெல்லாம் சொன்னார். பேச்சுவாக்கில், விழுந்துபோன அந்த ஒட்டு மரத்தைப் பற்றி நான் சொன்னேன். அவர் விழித்தார். "விழுந்துச்சா? இந்த வருஷங்கூட அதுல பழம் தின்னேனே" என்றார்.

ராவுத்தர் அந்தப் பழத்தை வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்ற எண்ணம், அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்காததிலிருந்தே எனக்கு உண்டு. இப்போது அது உறுதியானது போலிருந்தது. அந்தோணி என் மனசு அறியாமல் பேசிக்கொண்டே போனார். அந்த ஜாதியைக் காயாகப் பறித்துத்தான் கனியவைக்க வேண்டுமாம். வழிக்காக அல்ல, அதன் குணமே அப்படியாம். கிளையிலேயே விட்டால் விதை இருக்கிற நெஞ்சிலிருந்து அழுகத் தொடங்குமாம், தோலில் ஒன்றும் தெரியாதாம். எழுந்து போகிறபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாம்பழம் தின்னு வளந்த ஆளுவ எல்லாரும் பண்ணுத தப்பு இது. மரத்துல பழுத்தாத்தான் ருசின்னு விட்டுருவாவ. வெளிய தங்கமா இருக்கும், அறுத்தா உள்ள சகதி."

பேட்டையில்

வைக்கோலின் புளித்த வாடையும், கையில் கொடுத்ததும் தின்கிற மாதிரி கொண்டுவருகிறேன் என்று ராவுத்தர் சொன்ன சொல்லும் அன்றைக்குத்தான் எனக்குத் திரும்ப வந்தன. ஆனாலும் உடனே போய்க் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். விற்றுவிட்டார் என்று நினைத்தவரை எனக்குக் கோபப்பட ஒரு ஆள் இருந்தது. அந்த ஆளையும் இழக்க மனசில்லை போலும்.

போன வாரம் பேட்டைக்குப் போனேன். ராவுத்தர் இப்போது மலையேறுவதில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி என் குரலை வைத்து அடையாளம் கண்டு, "வாரும் பிள்ளே. பேரி எப்படிப் போகுது?" என்றார். "கல்லு மாதிரிதான்" என்றேன். சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அறுத்துப் பார்க்காமலே ஒரு பழத்தை அழுகல் என்று இத்தனை வருஷம் ஒதுக்கி வைத்த பழக்கடைக்காரன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதனால் கேட்டேன்:

"ராவுத்தரே, மரம் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். அந்த வருஷம் நீரு அவளுக்காவ அத மரத்துலயே பழுக்க விட்டீரா?"